நிழலில் நடந்த ஜப்தி

கோர்ட் டிக்ரி என்பது காகிதம். காகிதம் மலையேறாது என்று காத்தான் நம்பினான். கொல்லிமலைக்கு ரோடு வராத 1930களில் அது நியாயமான நம்பிக்கைதான். கடுக்காய் இறக்கித் தருவதாகக் காளப்பநாயக்கன்பட்டி வியாபாரியிடம் அச்சாரம் வாங்கியிருந்தான். அந்த வருஷம் மரம் காய்க்கவில்லை. வியாபாரி நாமக்கல் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கிவிட்டார். கோர்ட் அமீனா அதைச் சுமந்துகொண்டு மேலேறி வந்தார், பின்னால் தமுக்கடிக்கிறவனோடு.

"ஏப்பா, உன் காடு எது?" அமீனாவுக்கு மூச்சு வாங்கியது.

காத்தானின் காடு மொட்டைப் பாறைச்சரிவு. வேர்த்து வந்தவரை வெயிலில் நிறுத்துவது மலையில் வழக்கமில்லை, சொத்தைப் பிடிக்க வந்தவரானாலும்.

"மொதல்ல நெழல்ல உக்காருங்க சாமி."

பக்கத்தில் அண்ணன் சின்னுசாமியின் காடு. அங்கிருந்த பலாமரத்தடியில் உட்காரவைத்துப் பழம் அறுத்து வைத்தான். தின்றுவிட்டுக் கையைத் துடைத்த அமீனா, உட்கார்ந்த இடத்திலேயே தமுக்கடிக்கச் சொன்னார்: இந்த நிலம் ஜப்தி, கடன் தீராமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. நாலெல்லையையும் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டார். நோட்டீஸ் அந்த மரத்திலேயே ஏறியது.

'இது அண்ணன் காடுங்க' என்பது காத்தானின் தொண்டைவரை வந்தது. விருந்தாளியைத் திருத்தலாமா என்று யோசித்தான். மரியாதைக்கு அவன் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அமீனா இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. பிற்பாடு உறுத்தியது அதுதான்.

சின்னுசாமி நாலு வார்த்தை திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "நீ என்னடா பண்ணுவ? அந்தாளு பலாப்பழ மயக்கத்துல எழுதிப்போட்டான்" என்று அவனே தம்பியைத் தேற்றினான். பிறகு கோர்ட்டில் ஆட்சேப மனு போட்டான். சாட்சி, காத்தான். அண்ணன் காட்டை அடையாளம் சொன்னால் மட்டும் போதாது. அப்படியானால் உன்னுடையது எது என்று கேட்பார்கள்.

கேட்டார்கள். காத்தான் பாறைச்சரிவை எல்லையோடு சொன்னான். அண்ணன் காடு தப்பியது. அடுத்த ஜப்தி சரியான இடத்தில் நடந்து, சரிவு ஏலத்தில் போனது.

"தன் காட்டத் தானே காட்டிக்குடுத்தவன் எவன்டா இருக்கான்?" மலையேறும்போது சின்னுசாமிக்குக் குரல் தழுதழுத்தது. "எங்காட்டுல பாதியில நீ வெள்ளாம பண்ணு கண்ணு."

"அண்ணா, அன்னிக்கே நானு..."

"சும்மா வாடா. உம்மனசு எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதன்பின் மலையில் எந்த எல்லைத் தகராறுக்கும் காத்தானைக் கூப்பிட்டார்கள். "எனக்கு அந்த யோக்கியதை இல்லீங்க" என்று ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொன்னான். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் மெச்சினார்கள்.