செவ்வாயைப் பெரிய கோளாக்கிய வகுப்பு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்தத் தெருவின் இரும்புக் கதவுகளில் பாதி என் பட்டறையில் செய்தவை. கைகொடுக்க ஒரு நாதியில்லாமல் நானே உண்டாக்கிய பட்டறை. அப்படிப்பட்ட நான் மெச்சுகிற ஆள் ஒருத்திதான்: என் மருமகள், தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவளுக்கு நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

கோள்களை மனப்பாடம் செய்யவிடாமல், நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினியில் டேட்டாபேஸ் கட்ட வைத்தாள். கோளுக்கு ஒரு வரி. பெயர், குறுக்களவு, நிலவுகள் என்று கட்டங்கள். தப்பு வந்தால் திருத்த மாட்டாள். "எங்க இடிக்குது, நீங்களே பாருங்க" என்பாள்.

பிள்ளைகள் குறுக்களவுக் கட்டத்தை எண் என்று குறிக்காமல் எழுத்து என்று குறித்துவிட்டார்கள். பெரியதிலிருந்து அடுக்கச் சொன்னால் செவ்வாய் முதலில் வந்து உட்கார்ந்தது, சனி கடைசியில். அவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்தா கல்வி அதிகாரி நுழைய வேண்டும்?

"செவ்வாய்தான் பெருசாம்மா? இதைத்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"இல்ல சார், பசங்க தப்பத் தேடிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

"முதல்ல நீங்க படிச்சுட்டு வாங்க."

பிள்ளைகள் முன்னாலேயே! தலைமையாசிரியரோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் அவரே வந்து சொன்னார்: சரியான பட்டியலை டீச்சரே அடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வகுப்புக்குக் கணினி அறை கிடையாது.

கேட்டதுமே பள்ளிக்குப் போக நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

"விடுங்க மாமா. நீங்க போனா கதவக் கழட்டிட்டு வந்துடுவீங்க."

"கழட்டுனா என்ன? அதுவே நான் செஞ்ச கதவுதாம்மா!"

அவள் சிரித்தாள், ஆனால் பட்டியலை அடிக்கவில்லை. அறை பூட்டப்பட்டது. பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு கோளின் அளவை அட்டையில் எழுதிக் கொடுத்து, கணினி அடுக்கிய அதே வரிசையில் நிற்க வைத்தாள். செவ்வாய் 6792. கடைசியில் சனி 120536.

ஒரு சிறுமி கத்தினாள்: "டீச்சர், அது மொத நம்பர வச்சே அடுக்கிடுச்சு! ஆறு முன்னாடி, ஒண்ணு பின்னாடி!"

"லூசு மெஷின்!" என்றான் சனி.

"மெஷின் லூசா? நாம அதுகிட்ட என்ன சொன்னோம்?"

"...எழுத்துன்னு சொன்னோம். அதான் அகராதி மாதிரி அடுக்கிடுச்சு."

கட்டத்தை எண் என்று மாற்றுவது ஒரு நொடி வேலை. எல்லாருமாக ஓடியிருக்கிறார்கள், கதவில் பூட்டு. மருமகள் சாவி கேட்டாள். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றாராம் தலைமையாசிரியர். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அணைந்து கிடந்த கணினிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

தப்பைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அதைத் திருத்தவும் உத்தரவு வேண்டுமா? என்னய்யா பள்ளிக்கூடம் இது!