எஸ்.எஸ்.டி.யைக் குளிர வைத்த கதை

போன புதன்கிழமை மத்தியானம், கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில், ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு அதற்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்த ஓர் ஆளை நீங்கள் பார்த்திருக்கலாம்.

சந்தேகமே வேண்டாம்... நான்தான்.

"சார், அதைத் தூக்கி மேல வைங்களேன். வழியில கால் நீட்டிக்கிட்டு..." என்றார் கண்டக்டர்.

"வேணாங்க, விழுந்துரும்."

"அப்ப முன்னாடி இன்ஜின் மூடி மேல வைங்க. விழாது."

"அங்கிட்டு சூடா இருக்கும்ங்க."

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த பஸ்ஸுல எங்கிட்டு சார் சூடு இல்ல?"

நியாயமான கேள்வி. நான் டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி விசிற ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். என் மனைவி விமலா வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறாள். நான் எழுதுவதை நீங்கள் நாலைந்து பேர் படிக்கிறீர்கள். அவள் வெட்டி ஒட்டுவதை ஊரே உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் பார்க்கிறது. யார் பெரிய படைப்பாளி என்ற விவாதம் எங்கள் வீட்டில் எப்போதோ முடிந்துவிட்டது.

அவளுடைய கம்ப்யூட்டரில் இருப்பது எஸ்.எஸ்.டி. ஒரு விரல் நீளத்துக்கு, மதர்போர்டோடு ஒட்டிப் படுத்துக்கிடக்கும் சின்னப் பட்டை. படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. சத்தம் போடாது. வேகமோ வேகம். ஆனால் ஓயாமல் வேலை வாங்கினால் சூடாகும். ரொம்பச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால், ஆளை விடு என்று நின்றேவிடும். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு இதைப் புரிந்துகொள்வதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

இந்தக் கோடையில் அது ரொம்பவே மெதுவாகிவிட்டது. வீடியோ பத்து நிமிஷம் பாய்ந்து ஓடும். அப்புறம் நகரவே நகராது. "கடைக்காரரைக் கூப்பிட்டுப் பாக்கலாம்ங்க" என்றாள் விமலா.

கடைக்காரரா? எதற்கு? நான் எதற்கு இருக்கிறேன்?

இரண்டு நாள் நெட்டில் வீடியோ பார்த்தேன். மூன்றாம் நாள் நிபுணர் ஆகிவிட்டேன். நம் ஊரில் நிபுணர் ஆக இதற்கு மேல் அவகாசம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஹீட் சிங்க் என்று ஒரு சாமான் ஆர்டர் போட்டேன். அலுமினியத்தில், சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். அடியில் ஒரு மெத்தென்ற ரப்பர் பட்டை. எஸ்.எஸ்.டி.யின் சூட்டை ரப்பர் வாங்கி அலுமினியத்துக்குக் கொடுக்கும், அலுமினியம் காற்றுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் சயின்ஸ். ஞாயிற்றுக்கிழமை நாலு ஸ்க்ரூவில் வேலையை முடித்துவிட்டு, "இனிமே பாரு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன்.

பார்த்தாள். முன்பு பத்து நிமிஷம் ஓடியது இப்போது ஏழு நிமிஷம் ஓடியது.

"செட் ஆவுறதுக்கு டைம் எடுக்கும்" என்றேன். நிபுணர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

புதன்கிழமை காலை லூர்து மேரியக்கா வந்துவிட்டார். அவர் மகள் ஜெனியின் கல்யாண வீடியோவை விமலாதான் எடிட் செய்துகொண்டிருந்தாள். மேரியக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி குவைத்தில் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள். ஆனாலும் லீவு கிடைக்கவில்லை. அங்கேயே வேலை பார்க்கும் மேரியக்காவின் தம்பி, கல்யாணத்துக்கு வந்தவர், வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறார். அவர் கையில் வீடியோவைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

"லைவ் போட்டாங்களே, அண்ணன் பாத்திருப்பாரே?" என்று கேட்டேன், சும்மா இருக்க முடியாமல்.

"எங்க பாத்தாரு தம்பி? மோதிரம் மாத்துற வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சாம். தாலி கட்டயில அவரு போன்ல வட்டம் சுத்த ஆரம்பிச்சிருச்சாம். அது நிக்கிறதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிபோச்சு." மேரியக்கா கால் பெருவிரலால் தரையைத் தேய்த்தார். "எம் மக கல்யாணத்துல நான் வட்டத்தத்தான் பாத்தேன்னு போன்ல அழுவுறாரு. அவரு அழுது நான் கேட்டதே இல்ல."

உள்ளே விமலா, "ஏங்க..." என்றாள். அந்த "ஏங்க"வை எனக்குத் தெரியும். ஓடினேன்.

வெட்டி ஒட்டியதை ஒரே படமாக்கும் வேலை எண்பது சதவீதத்தில் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து — டிரைவே இல்லை என்றது. மறுபடி அணைத்துப் போட்டேன். இல்லை. இன்னொரு தடவை. இல்லை. ஆறு தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். அது ஆறுவதற்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகு உறைத்த விஷயம்.

விமலா போட்டோகிராபருக்குப் போன் போட்டாள். "கேமரா கார்டை அழிச்சிட்டு ஆலங்குடி கல்யாணத்துக்கு எடுத்துட்டு வந்துட்டேனேக்கா" என்றார் அவர்.

பேக்கப்? பேக்கப் எடுக்காதவர்களைத் திட்டி இதே பத்தியில் ஒரு வாரம் முழுக்க எழுதியிருக்கிறேனே... நினைவிருக்கிறதா? எழுதினேன். எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மேரியக்கா, சின்ன அப்டேட்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்டேட் இல்லக்கா" என்றாள் விமலா. "படம் பூரா இருக்குற டிரைவு காணாப் போச்சு. கடைக்குக் கொண்டுபோறோம். வருமா வராதான்னு தெரியல."

மேரியக்கா கையிலிருந்த புது பென் டிரைவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். "படம் போனாப் போகுது விமலா. அவருக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

புதுக்கோட்டையில் முபாரக் பாய் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேரில் இருபது வருஷ அனுபவம். மூக்கில் கண்ணாடி, கையில் ஸ்க்ரூ டிரைவர், தேவைக்கு மேல் பேசாத மனிதர். சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் சமர்த்தாக விழித்துக்கொண்டது. டிரைவ் இருந்தது. ஜெனி கல்யாணம் என்ற ஃபோல்டர் இருந்தது. உள்ளே அத்தனை படமும் இருந்தது!

"நல்லாத்தானே சார் ஓடுது?"

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவமானத்தில் காது சிவந்தது. "வீட்ல ஓடலைங்க பாய். சத்தியமா."

முதலில் மொத்தப் படத்தையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி போட்டார். நான் ஒரு பத்தி முழுக்க எழுதியதை அவர் வாயைத் திறக்காமல் செய்தார். காப்பி ஓட ஓட, திரையின் ஓரத்தில் டிரைவின் சூடு ஏறிக்கொண்டே போனது. அறுபது... எழுபது... எண்பத்திரண்டு. பாய் மூடியைக் கழற்றி, ஒரு ஃபேனை இழுத்து டிரைவின் முகத்துக்கு நேரே வைத்து, ஒருவழியாகக் காப்பியை முடித்தார். பிறகு ஹீட் சிங்க்கின் மேல் ஒரு விரலை வைத்தார். புருவம் சுருங்கியது.

"உள்ள கொதிக்குது. மேல ஜில்லுன்னு இருக்கு. சூடு மேல வரவே இல்லையே சார்..."

அணைத்தார். ஸ்க்ரூவைக் கழற்றினார். ஹீட் சிங்க்கைத் திருப்பினார். இடுக்கியால் ரப்பர் பட்டையின் ஓரத்தைச் சுரண்டி, மெல்லிய நீல பிளாஸ்டிக் தாள் ஒன்றை நிதானமாக உரித்து எடுத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கடையில் இருந்த மற்ற மூன்று பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இதை உரிச்சிட்டுல்ல சார் மாட்டணும். இது இருந்தா எப்படி ஒட்டும், எப்படிச் சூடு ஏறும்? யாரு மாட்டுனது?"

"தெரிஞ்ச... ஒருத்தர்."

"விவரம் இல்லாத ஆளா இருக்காரே."

"ஆமாங்க பாய். சொன்னாக் கேக்க மாட்டாரு."

அந்த நேரம் பார்த்து விமலா போன் செய்தாள். "என்னவாம்ங்க?"

"படம் இருக்கு விமலா, பத்திரமா இருக்கு. சின்னதா ஒரு தெர்மல் கான்டாக்ட் இஷ்யூ..."

"பிளாஸ்டிக்கை உரிக்காம மாட்டிட்டாங்கம்மா!" என்று பாய் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். தேவைக்கு மேல் பேசாத மனிதர் என்றேன் அல்லவா? தேவைப்பட்டால் பேசுவார்.

மறுமுனையில் சிரிப்பு இல்லை, திட்டு இல்லை. "சரி, சீக்கிரம் வாங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் என்ன வேண்டுமென்றா விட்டேன்? பரம்பரைப் பழக்கம் சார்! டி.வி. ரிமோட்டைக் கவரோடு அமுக்குகிறோம். புது காரின் சீட்டுக்கு பாலிதீன், ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சோபாவுக்கு விரிப்பு, அந்த விரிப்புக்கு மேலே ஒரு பழைய பெட்ஷீட். வாங்கியது உழைக்க வேண்டும் என்பதைவிட, புதுசாகவே இருக்க வேண்டும் என்பதில்தான் நமக்கு அக்கறை. பாய் கடை மானிட்டரிலேயே கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக், ஓரமெல்லாம் சுருண்டு, அப்படியே இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. என் கம்ப்யூட்டர் இன்னும் அவர் மேஜையில் பிரிந்து கிடந்தது.

சாயங்காலம் வீடு வந்தேன். விமலா உட்கார்ந்தாள். இந்தத் தடவை எங்கேயும் திணறவில்லை. ஒரே ஓட்டமாக நூறு சதவீதம் போய் நின்றது. நான் எட்ட நின்றே பார்த்தேன். கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேரியக்கா வந்து, தாலி கட்டும் இடத்தை மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனார்.

நேற்று அந்தோணியண்ணன் மேரியக்கா போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அக்கா எங்களிடம் போட்டுக் காட்டினார். விமலாவின் எடிட்டிங் பற்றி ஏதாவது இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"பாத்தேன் மேரி. தாலி கட்டுறதை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். நல்லா இருந்துச்சு... ஏன் மேரி, புள்ளைக்கு அப்படி வேர்த்து ஊத்துதே. நெத்தியெல்லாம் வழிஞ்சு கண்ணுக்குள்ள எறங்குது. கோயில்ல அத்தனை பேரு நின்னீங்களே... ஒருத்தரு ஒரு அட்டையை எடுத்து விசிறி விட்டிருக்கக் கூடாதா?"

மேரியக்கா விமலாவைப் பார்த்தார். விமலா என்னைப் பார்த்தாள்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும்தான் போயிருந்தேன். கோயிலில் இருந்த ஒரே பெடஸ்டல் ஃபேனுக்கு நேர் எதிரில், முதல் ஆளாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.