யார் முதலில் எழுந்திருப்பது?

இங்கே ஜெர்மனியில், ஐந்து மணியானால் என் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு "ஃபையராபெண்ட்" என்கிறார்கள். இன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள், ஆனால் வந்த புதிதில் இது புது ஆட்களை ஆழம் பார்க்கும் வேலை என்றே நினைத்தேன். நான் அரிமளத்துக்காரி. அவ்வளவு லேசில் மாட்டிக்கொள்வேனா?

மேற்படிப்புக்கு வந்த நான் ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். மேலதிகாரி கேத்ரின் என் மதிப்பீட்டை நல்லபடியாக எழுதித் தந்தால் அங்கேயே வேலை; இல்லையென்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தம்மாவோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். தானே காப்பி போட்டு என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மேலதிகாரி கொண்டுவரும் காப்பி தொண்டையில் இறங்குமா? எதற்கு அடிபோடுகிறார் என்று யோசித்தபடியே ஆறவிட்டுக் குடித்தேன்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது எங்களைப் புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மேனேஜர் எழுந்திருக்கும்வரை நாங்கள் எழக் கூடாது. அப்படி யாரும் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வேலை இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என்னோடு வந்த செல்வி ஒருநாள் எழுந்து, "சார், இலுப்பூர் பஸ்ஸு போயிரும். கெளம்புறேன் சார்" என்றாள்.

"தாராளமா போம்மா" என்று அவர் சிரித்தார்.

பயிற்சி முடிந்து கல்லூரிக்கு வந்த மதிப்பீட்டில், செல்விக்கு மட்டும் ஒழுங்கு போதாது என்றிருந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஜெர்மனியிலும் அழுத்தமாக உட்கார்ந்தேன். கேத்ரின் எழட்டும் என்று நான் இருக்க, அவர் எழவே இல்லை. எல்லோரும் போன பிறகும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்தார். வேவு பார்க்கிறார் என்று முடிவுகட்டி, நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சில வாரங்கள் இப்படியே போயின. பிறகு ஒருநாள் கூப்பிட்டார்.

"எல்லோரும் போன பிறகு இங்கே என்ன செய்கிறாய்?"

"நீங்கள் போவதற்காகக் காத்திருக்கிறேன்."

அவர் முகம் இறுகியது. "நான் போன பிறகு என்ன செய்வதாக இருக்கிறாய்?"

கம்பெனி வரைபடங்களைத் திருட வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

"வீட்டுக்குப் போவேன்" என்றேன்.

பயிற்சியில் இருப்பவரைத் தனியே விட்டுவிட்டு மேலதிகாரி போகக் கூடாதாம். அந்தக் கம்பெனியின் விதி. என்னால் அவருடைய மகளைத் தினமும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பள்ளியிலிருந்து அழைத்துவந்தாராம். கூனிக்குறுகிப் போய், செல்வியின் கதையைச் சொன்னேன். "சொல்லிவிட்டுத்தானே போனாள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனாலும் மதிப்பீடு எழுதித் தரும்போது அவர் குறை வைக்கவில்லை; வேலை கிடைத்தது. இப்போது நானும் ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் இங்கே மதியமே வேலை முடிந்துவிடும். போன வெள்ளியன்று கோட்டில் ஒரு கையை நுழைக்கும்போது தங்கை கயல் அழைத்தாள். அவள் இப்போது புதுக்கோட்டையில் அதே அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறாள்.

"அக்கா, இங்கிட்டு இருட்டிருச்சு. வேலையும் இல்ல. சார் போகத்தான் சொல்றாரு. கெளம்பவா?"

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?"

"ஆமாக்கா."

கிளம்பு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "அவரு எந்திரிக்கட்டும். அதுவரைக்கும் இரு" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. பஸ் ஏறியதும் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டு, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வாசலுக்குப் போன கேத்ரின் திரும்பி வந்தார். "இப்போது யாருக்காகக் காத்திருக்கிறாய்?"

"எங்கள் மேனேஜர் இன்னும் எழுந்திருக்கவில்லை" என்றேன்.