ரேமுக்கு வேகம் கூட்டிய ஞாயிறு

என் கணவர் மண்டபம் என்கிற கடலோர ஊரில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். நான் வீட்டிலிருந்தபடி ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். என் கம்ப்யூட்டரை அவர் தொடமாட்டார், அவருடைய ஸ்பேனரை நான் தொடமாட்டேன்.

சார்ஜாவிலிருந்து லீவில் வந்த என் தம்பி, கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறதென்று புது ரேம் வாங்கி மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடத்துக் கல்யாண ஆல்பம் ஒன்றை முடித்துவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் பின்னால் வந்து நின்றார். ரேம் வேகம் 2133 என்று இருந்தது.

"அட்டைப்பெட்டில 3200னுல போட்டிருந்துச்சு."

"வேல நடக்குதுல்லங்க, விடுங்க."

"இன்ஜின் முக்காவாசி கூட ஓடலங்கிறேன், விடுங்கிற."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தும் அவருக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. கை கழுவிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார்.

"மச்சான், ரேமு மொதல்ல ஆபத்தில்லாத வேகத்துலதான் ஓடும். முழு வேகம் எம்புட்டுனு அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். பயாஸுக்குள்ள போயி எக்ஸ்.எம்.பி.ங்கிறத ஆன் பண்ணுனாத்தான் அத எடுத்துக்கிரும். நான்தான் மறந்துட்டேன். அத மட்டும் மாத்துங்க, வேற எதையும் தொடாதீங்க."

விண்டோஸ் வருவதற்கு முன்னால் டெலிட் பொத்தானைத் தட்டினால்தான், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸ் திறக்கும். இரண்டு தடவை தாமதமாகத் தட்டி விண்டோஸ் வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவரே விசைப்பலகையை வாங்கி, மரங்கொத்தி மாதிரி தட்டினார். திறந்துகொண்டது. எக்ஸ்.எம்.பி.யை நான் ஆன் செய்தேன். பக்கத்தில் 3200 என்று வந்தது.

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் திரை கருப்பாகியிருந்தது. விசிறி மட்டும் சுற்றியது. கணவர் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுத்துது. ஆனா பிடிக்கல" என்றார்.

மறுபடி தம்பிக்குப் போன்.

"மச்சான், வேற எதையாச்சும் தொட்டீங்களா?"

"இல்ல மாப்ள."

நான் அவரைப் பார்த்தேன்.

"லேசா. அந்த 3200ஐ அமுக்குனா கீழ நெறைய நம்பர் வந்துச்சு. 4000 வச்சு சேவ் பண்ணுனேன்."

தம்பி, கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் காசு மாதிரி இருக்கிற வட்ட பேட்டரியைக் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு மாட்டச் சொன்னான். பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்கு வந்துவிடுமாம். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான், நெட் கால் அறுந்துவிட்டது.

கழற்றுவது என்று வந்துவிட்டால் என் கணவரை யாரும் குறை சொல்ல முடியாது. பேட்டரியைச் சட்டையில் துடைத்துக்கூட மாட்டினார். உயிர் வந்தது. இந்த முறை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, எக்ஸ்.எம்.பி.யை மட்டும் ஆன் செய்து சேமித்தேன். டாஸ்க் மேனேஜரில் 3200. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஆல்பத்தை ஸ்டுடியோவுக்கு அனுப்ப உட்கார்ந்தேன். மெயில் திறக்கவில்லை. எதைத் திறந்தாலும், பாதுகாப்பில்லாத தளம் என்று எச்சரித்தது. கணவர் நேரே இண்டர்நெட் கனெக்‌ஷன்காரருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் இப்படிப் பண்ணினால் எப்படி என்று சத்தம் போட்டார். பாவம், அவர் வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒயரையெல்லாம் பார்த்தார். கடைசியில் திரையின் மூலையில் விரலை வைத்தார்.

"அண்ணே, தேதியப் பாருங்க. பேட்டரிய ஏதும் கழட்டுனீங்களா? வருசம் தப்பா இருந்தா ஒரு சைட்டும் நம்பி உள்ள விடாது."

திரை எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடத்தைக் காட்டியது.

"அப்ப எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்றார் கணவர்.

"தேதிய மாத்துற வரைக்கும் சந்தோசமா இருந்துக்கங்க" என்றேன்.

கனெக்‌ஷன்காரர் சிரித்துக்கொண்டே தேதியைச் சரிசெய்தார். அவரிடம் சத்தம் போட்டதற்குக் கணவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மதியம் மீந்த மீன்குழம்போடு சோறு போட்டார்.

ஆல்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள், பதினோராம் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தலை பாதி வெட்டுப்பட்டிருப்பதாகச் சொல்லி ஸ்டுடியோவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். வேகத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கணவர் படகுத்துறையில் எல்லோரிடமும், வீட்டு கம்ப்யூட்டர் இப்போது பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.