ஏதென்ஸில் பள்ளிக்கூடம், வைலேயில் தகப்பன்

1988 பெப்ரவரி, காலை எட்டேகால், டென்மார்க்கில் ஓர் அகதிகள் அலுவலகம், மூன்று கதிரைகள், சிவபாதம். அடுத்தவரின் கவலையை நம் வாயால் சொல்லி, அதற்கான பதிலை நம் காதால் கேட்டு, இரண்டையும் அந்த அறையிலேயே விட்டுவிட்டு பஸ் பிடிப்பதற்குப் பெயர்தான் மொழிபெயர்ப்பாளர் வேலை. இதைச் செய்து பார்த்தவர்களுக்கும், இப்படியொரு ஆளை அருகில் வைத்துக்கொண்டு பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசித் தவித்த பெற்றோருக்கும் விளக்கம் தேவையில்லை. அறையிலேயே விட்டுவர முடியாமற்போன ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

முந்திய இலையுதிர்காலத்திலிருந்து டென்மார்க்கில் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் அசையவில்லை. சட்டப்படி அகதியின் மனைவியும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வரலாம். ஆனால் ஒருவரும் வரவில்லை. ஏன் என்று கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். பிற்காலத்தில் தமிழர் விவகாரம் என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். அப்போது அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை.

சிவபாதம் பருத்தித்துறைக்காரர். பல வருடம் கிரேக்கக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். இப்போது டென்மார்க்கின் வைலே நகரில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில். மனைவி பரமேஸ்வரியும் பதினாறு வயது மகள் கௌரியும் கொழும்பிலிருந்து புறப்பட்டு ஏதென்ஸ்வரை வந்து நின்றுவிட்டார்கள். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அங்கே காணாமற்போனான். சிவபாதத்தின் பழைய கப்பல் கூட்டாளி ஒருவர் கிரேக்கப் பெண்ணை மணமுடித்து ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தருகே குடியிருந்தார். அவர் வீட்டு மேல்மாடி அறையில் தாயும் மகளும் டென்மார்க்கின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

யாருடைய ‘நான்’

மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. எதிரில் இருப்பவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அகதிகள் அலுவலகத்தில் சிவபாதத்தின் விஷயத்தைக் கவனித்தவர் கிர்ஸ்டன் என்ற பெண்மணி. மகள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். ஓ.எல். பாஸ், பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். வகுப்பில் கணிதம் தொடங்கி மூன்று மாதத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது என்றார் சிவபாதம். இப்போது ஏதென்ஸில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கிர்ஸ்டன் கேட்டார். “நான் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன்” என்று டேனிஷில் சொன்னேன். கிர்ஸ்டன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தகப்பன் நான்தான்.

இந்த வியாதி சிவபாதத்துக்கு மட்டும் இருந்ததல்ல. விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்கள் நடுவழி நாட்டில் எதையும் நிலையாகச் செய்யப் பயந்தன. சென்னையில் நின்றவர்கள் பாய் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை. கொழும்பில் நின்றவர்கள் சூட்கேஸிலிருந்து எடுத்து உடுத்து, துவைத்து, திரும்ப சூட்கேஸிலேயே வைத்தார்கள். எங்காவது வேரூன்றியதாகத் தெரிந்தால் டென்மார்க் கதவைச் சாத்திவிடும் என்பது எல்லோருடைய கணக்கு. பள்ளிக்கூடம் போவது விண்ணப்பத்தைப் பாதிக்கும் என்று தான் எங்கும் படிக்கவில்லை என்றார் கிர்ஸ்டன். சிவபாதம் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “அண்ணை, பள்ளிக்கூடத்தில சேர்த்தா ஏதென்ஸ்காரி எண்டு எழுதிப்போடுவாங்கள். சும்மா இருந்தாத்தான் அவள் என்னட்டை வரக் காத்திருக்கிறாள் எண்டு அர்த்தம்.”

இடைவேளை மாநாடு

பாதுகாப்பு விதிகளை விளக்க அந்தத் தொழிற்சாலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் இடைவேளையில் தமிழர் மேசையில் கௌரியின் படிப்புத்தான் பேச்சு. ஒருவர் லண்டனுக்கு அனுப்பச் சொன்னார். இன்னொருவர் ஏதென்ஸிலுள்ள ஆங்கிலப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொன்னார். கட்டணத்தைச் சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்தது. “கிரேக்கம் படிச்சு என்ன செய்யிறது? கோயில் கட்டுறதோ?” என்று மூன்றாமவர் கேட்க மேசையே சிரித்தது. சிவபாதம் சிரிக்கவில்லை.

பக்கத்து நகரான பிரெடெரிசியாவிலிருந்து வேலைக்கு வந்துபோகும் செல்வன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். மட்டக்களப்புப் பொடியன், யாருக்கும் வலிந்து புத்தி சொல்லாதவன். டப்பாவை மூடிவிட்டுச் சொன்னான்: “சிவபாதம் அண்ணன், பிள்ளைக்குப் பதினெட்டு வந்தா பேப்பரும் இல்ல, படிப்பும் இல்ல. ரெண்டில ஒண்டாவது கையில இருக்கட்டும். மறுகா அழுது வேலையில்ல.”

கப்பல் கிரேக்கம்

கிர்ஸ்டன் விடவில்லை. யாரையோ விசாரித்து விபரம் எடுத்து வைத்திருந்தார். கிரேக்க அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கட்டணம் இல்லை. மேல்நிலைப் பள்ளி மூன்று வருடம். வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் உண்டு, ஆனால் அதற்குச் சொந்த நாட்டில் பள்ளிப்படிப்பை முடித்த சான்றிதழ் வேண்டும், கௌரியிடம் ஏ.எல். இல்லை. ஆகவே அங்கேயே மேல்நிலை முடித்து, கிரேக்கப் பிள்ளைகளோடு பிள்ளையாக நாடு முழுவதற்குமான பரீட்சையை எழுத வேண்டும், அதுவும் கிரேக்க மொழியில். இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை சிவபாதம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிர்ஸ்டன் பிரேயஸிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அலுவலகத்திலிருந்தே தொலைபேசி எடுத்தார். அதிபருக்கு ஆங்கிலம் வராது. கிர்ஸ்டனுக்குக் கிரேக்கம் வராது. எனக்கும் வராது. சிவபாதம் எழும்பி ரிசீவரை வாங்கிக் கப்பலில் பழகிய கிரேக்கத்தில் கத்தத் தொடங்கினார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கப் பழகிய குரல். அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து பார்த்தார்கள். அந்த மனிதரை அவ்வளவு உயிரோடு நான் அதற்குமுன் கண்டதில்லை. ரிசீவரை வைத்த பிறகு, அதிபர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “‘நீர் எந்தக் கப்பலில இருந்தனீர்? இந்த மாதிரித் தூசணம் கலந்து ஒரு தகப்பனும் என்னட்டை இடம் கேட்டதில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லும்’ எண்டான்.”

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பழைய பயம் திரும்பி சிவபாதம் மனம் மாறிவிட்டார். அதிபருக்குப் பதில் போகவில்லை.

இரண்டாவது ரிசீவர்

இரண்டு கிழமை கழித்து, மனைவியிடம் நேரே கேட்டுப் பார்ப்போம் என்று கிர்ஸ்டன் பிரேயஸ் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு ரிசீவர் சிவபாதத்திடம், மற்றது என்னிடம். பரமேஸ்வரி சுகம் விசாரித்தார், இருமினார், பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: கௌரி ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகிறாள். கூட்டாளியின் மனைவிதான் கூட்டிப்போய்ச் சேர்த்தவள். நீங்கள் எடுத்த தொலைபேசிக்கு முன்னமே சேர்ந்துவிட்டாள்; அதே பள்ளிக்கூடம்தான், நீங்கள் பெயர் சொல்லாதபடியால் அதிபருக்கு அது அவளுடைய தகப்பன் என்று தெரியாது.

கிர்ஸ்டன் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டும். “நான் அவளைப் பள்ளிக்கூடம் போகவிட்டேன், உங்களுக்குச் சொல்லவில்லை” என்றேன் டேனிஷில். உன்னால் எல்லாம் போச்சு, இனி உங்களை எப்படி எடுக்கிறது என்று சிவபாதம் கத்தினார். இந்த முறை அடுத்த அறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது. ஒரு பெண்பிள்ளையின் குரல், நிதானமாகக் கேட்டது: “அப்பா, நான் பள்ளிக்கூடம் போகாம இருந்த மாதங்களில மட்டும் விசா வந்ததோ?”

அந்தக் கேள்வி

1989இல் கோப்புகள் திரும்ப அசைந்தன. சிவபாதத்துக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. கௌரிக்குப் பதினேழு முடிந்திருந்தது. பதினெட்டு என்பது விண்ணப்பித்த நாளின் கணக்கா, முடிவெடுக்கும் நாளின் கணக்கா என்று எங்களிடையே அடிக்கடி சண்டை நடந்தது. நிச்சயமாகத் தெரிந்தவர் எவருமில்லை. அடுத்த ஜனவரியில் அவளுக்குப் பதினெட்டு.

அதிகாரி நடுவயதுக்காரர். கல்யாணம், வீடு, சம்பளம் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “மகள் கிரேக்கத்தில் பள்ளிக்கூடம் போகிறாளா?” நான் அதைத் தமிழில் சொன்னபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. இல்லை என்று சிவபாதம் சொன்னால் இல்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும். அதிகாரி கேள்வியைத் திரும்பச் சொன்னார். “ஓம், போறாள்” என்றார் சிவபாதம், “கணிதத்தில வகுப்பிலயே முதலாவது.” அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எழுதியபடியே சொன்னார்: “நல்லது. என் மகன் கணிதத்தை வெறுக்கிறான்.”

இறுதி வருடம்

இலையுதிர்காலத்தில் தாய்க்கும் மகளுக்கும் அனுமதி வந்தது. குறித்த மாதங்களுக்குள் வந்துசேர வேண்டும். கௌரியின் பல்கலைக்கழகப் பரீட்சை அடுத்த ஜூனில். பரீட்சை எழுதினால் அனுமதி காலாவதியாகும், வயதும் கடந்துவிடும். இங்கே வந்தால் டேனிஷை முதல் எழுத்திலிருந்து படித்து, மேல்நிலையைத் திரும்பத் தொடங்க வேண்டும். கிர்ஸ்டன் இதையெல்லாம் மெதுவாகச் சொன்னார், நான் அதைவிட மெதுவாகச் சொன்னேன். சிவபாதம் வைலே உயர்பள்ளிக்கு என்னையும் கூட்டிப்போய் ஓர் இடம் பேசி வைத்தார். வகுப்பறை யன்னலைக்கூட எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு எடுத்த தொலைபேசி நான் கேட்ட உரையாடல்களிலேயே கடினமானது. தகப்பன் கெஞ்சினார்; அதட்டவில்லை. ஒரு வருடந்தானே பிள்ளை, இஞ்ச வந்து படி, எல்லாம் நான் பாக்கிறன் என்றார். “கிரேக்கம் படிக்கவே எனக்கு ரெண்டு வருசம் போட்டுது, அப்பா. இனி டேனிஷ் படிக்க இன்னும் ரெண்டு போகும். அப்ப நான் எப்ப கணிதம் படிக்கிறது?” என்றாள் அவள். கிர்ஸ்டன் கேட்டுக்கொண்டிருந்தார், நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பரமேஸ்வரி ரிசீவரை வாங்கினார். அவர் வரத் தயாராக இருந்தார், மகளை விட்டுவிட்டு. பிறகு சிவபாதம் கேட்டது ஒன்றேயொன்று: “பரீட்சை அண்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போறது ஆர்?”

டிசம்பரில் பரமேஸ்வரி தனியாக பிரெடெரிசியா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எத்தனையோ பெற்றோருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தப் படிப்பைத் தானே தீர்மானித்த பிள்ளைக்கு மட்டும் என்னால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

1993 ஜனவரியில், அந்தக் கோப்புகளைச் சட்டவிரோதமாக நிறுத்திவைத்த தமிழர் விவகாரத்தின் காரணமாக டென்மார்க் அரசாங்கம் பதவி விலகியது. கௌரி அப்போது கிரேக்கத்தின் பட்ராஸ் நகரில் கணிதம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.