இராக்கம்மாவின் வலது கை

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே வயதானவள் இராக்கம்மா. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி கேட்டாலும் துரை கேட்டாலும் அவளிடம் இருந்தது ஒரே பதில்தான்: "ஆமாங்க." காய்ச்சலோடு நிற்பவளை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாயா என்றாலும் ஆமாங்க. இல்லை என்ற சொல்லை அவள் புருஷன் வீரய்யாவுக்கென்றே சேர்த்து வைத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் ஆமாங்க, எனக்கு மட்டும் இல்லீங்க," என்பான் அவன் சிரித்துக்கொண்டே, லயத்து வீடெல்லாம் கேட்க.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு காலை, செடிகளுக்கு நடுவே சரிந்தாள். பாரிசவாதம்; வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது. காலுக்கு உயிர் வந்தது. வலது கைக்கு வரவில்லை. கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும். திரும்பவும் மலையேற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அப்போது பதுளையில் வைத்தியர் தனேஸ்வரன் பாரிசவாதத்தில் விழுந்த கையை மீட்க ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாடுகளில் பலரும் முயன்றுகொண்டிருந்த முறை. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துண்டுகளைத் தலையில் பட்டியால் கட்டி, சின்னப் பெட்டியொன்றிலிருந்து மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். பிறகு கைக்குப் பயிற்சி.

"பாதிப் பேருக்குத்தான் கரண்ட் போகும் அம்மா. மற்றவைக்குச் சும்மா கட்டிவிடுறதுதான். ஆருக்குப் போகுது எண்டு முடியிறவரைக்கும் எனக்கும் தெரியாது. இது சரிவருமோ எண்டு உலகத்தில ஒருத்தருக்கும் இன்னும் நிச்சயமில்லை. கரண்ட் மட்டும் போதாது. வீட்டிலயும் அந்தக் கையாலதான் வேலை செய்யவேணும். விளங்குதோ?" என்றார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆமாங்க ஐயா."

வீட்டில் அவள் முயன்றாள். கோப்பை நழுவியது, சீப்பு விழுந்தது. வீரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒனக்கென்ன புள்ள அவசரம்? குந்து," என்று தானே சோறு பிசைந்து ஊட்டினான். அன்பும் சில வேளை கையைக் கட்டிப்போடும். அந்தக் கை மெல்ல முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

ஒவ்வொரு தடவையும் வைத்தியர் கேட்டார்: "வலது கையால தலை சீவுறீங்களோ? தேத்தண்ணி ஊத்துறீங்களோ?"

"ஆமாங்க ஐயா."

அவள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. நாற்காலியில் இருப்பவர் கேட்கும்போது நிற்பவள் சொல்ல வேண்டியது அதுதான். அவரும் நம்பி, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை மேலும் கடினமாக்கினார்.

ஆய்வு முடிந்த அன்று வைத்தியர், அவள் கை தேறிவிட்டதென்ற மகிழ்ச்சியோடு அவளுக்கும் ஒரு தேநீர் வரவழைத்தார். அவள் இடது கையை நீட்டினாள்.

"மற்றக் கையால எடுங்கோ அம்மா."

விரல்கள் கோப்பையைச் சுற்றி மூடவேயில்லை. தேநீர் மேசையில் ஓடியது. அவள் பதறி முந்தானையால் துடைத்தாள்.

வைத்தியர் யாருக்கு மின்சாரம் போனதென்ற பட்டியலைத் திறந்து அவள் பெயரைத் தேடினார். "உங்களுக்குப் போனது நிசக் கரண்ட்தான் அம்மா. ஏலாது எண்டு சொல்லியிருந்தா, ஏலுமான பயிற்சியைத் தந்திருப்பனே. ஏன் சொல்லேல்ல?"

"ஐயா கேக்கையில எப்புடிங்க இல்லைன்னு சொல்றது?"

அடுத்த ஆய்வுக்குப் புதிதாகப் பாரிசவாதம் வந்தவர்களை மட்டுமே எடுப்பார்கள் என்றார். பயிற்சி செய்தால் பலன் கொஞ்சம் கிடைக்கலாம்; கொழுந்து பறிக்கும் அளவுக்கு வராது என்றும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"விளங்கிச்சோ?"

"ஆமாங்க ஐயா."

பசறை பஸ்ஸில், அதுவரை வெளியே காத்திருந்த வீரய்யா அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தான். வளைவொன்றில் பச்சை மலை முழுதாய்த் தெரிந்தது. பெண்கள் கூடையோடு நிரையில் நின்றார்கள்.

"என்னவாம்? கை வந்துருமாமா? மலைக்குப் போவியா?"

"இல்ல," என்றாள் இராக்கம்மா.

வழக்கமாக அந்தச் சொல்லுக்குச் சிரிப்பவன், அவளுடைய வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அது அவன் வைத்தபடியே கிடந்தது.