அகழியைத் தூர்த்தவள்

எங்கள் ஊர்க் கோட்டைமேட்டில் இப்போது கோட்டை கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரரின் அரண்மனை இருந்ததாம். மிஞ்சியது மண்மேடும் அதைச் சுற்றிய அகழியும்தான். அந்த அகழிக்குள் இருந்த ஒரே வீடு ஜெயசுதாவுடையது.

அவள் கல்யாணமாகி வந்தபோது அது முள் மண்டிய பள்ளம். புருஷன் ஆதிமூலம் கரும்பு வெட்டப் போய்விடுவார். இவள் கிடைத்ததையெல்லாம் கூடை கூடையாகக் கொட்டிப் பள்ளத்தைத் தூர்த்தாள், இரண்டு வருடம். அதன்மேல்தான் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தது, ஆதிமூலத்தைப் பாடையில் ஏற்றியது எல்லாம் அந்த வாசலில்தான்.

பட்டா மட்டும் வரவில்லை. போன வருடம் என்னிடம் வந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன் நான். இருபது வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்வதில் குறைச்சல் இல்லை. ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். அதோடு விட்டேனா? பாடுபட்ட கதையைச் சொன்னால் அதிகாரி மனம் இளகுவார் என்று நினைத்து, 'அகழியை என் கையாலேயே தூர்த்து முப்பத்தோரு வருடமாகக் குடியிருக்கிறேன்' என்று எழுதினேன். படித்துக் காட்டியதும் கையெழுத்துப் போட்டாள்.

நாசமாய்ப் போன கை. பழைய பதிவேட்டில் அகழி நீர்நிலை. நீர்நிலையைத் தூர்த்தது குற்றம், வீட்டை இடித்துத் தூர் வாரவேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ஆதாரம், அவளுடைய மனு.

நான்தான் படித்துச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரிங்க" என்றாள். மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சொன்னபோதும் அதே பதில்தான். கோபம்கூட வரவில்லையா என்று நானே கேட்டுவிட்டேன். மரத்துப்போச்சு என்றாள்.

பொக்லைன் வந்த அன்று பாத்திரங்களை வேப்பமரத்தடியில் அடுக்கிவிட்டு நின்றாள். சுவர் சாய்ந்தது. அவள் அழவில்லை. மத்தியானம் தோண்ட ஆரம்பித்தார்கள். ஓராள் ஆழம் போனதும் டிரைவர் நிறுத்தி, இன்னும் எவ்வளவு என்று கேட்டார். சர்வேயர் வரைபடத்தைப் புரட்டினார். அதில் ஆழம் குறிக்கப்படவில்லை.

ஜெயசுதா ஓரமாக வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மொழம் இருக்குதுங்க. அடியில கரும்பாலை சாம்பல் கொட்டி வச்சேன். அது தீந்தா அகழித் தரைதான், அங்க நிறுத்திக்குங்க."

டிரைவர் தோண்டினார். சாம்பல் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டார்.